மண்வெட்டி பட்ட மண்புழு இரண்டாகுமா?

கேள்வி, ஜூன் 8

"வீட்டுக்குப் பின்னால் சில்பாலின் பையில் மண்புழு உரம் போடுகிறோம். உரம் எடுக்கும்போது மண்வெட்டி பட்டுச் சில புழுக்கள் துண்டாகிவிடுகின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. மாமா சிரிக்கிறார், 'ஒன்றை வெட்டினால் இரண்டு, உனக்கு லாபம்தானே' என்கிறார். பள்ளியிலும் யாரோ அப்படிச் சொன்னதாக ஞாபகம். உண்மையா? உண்மையென்றால் வேண்டுமென்றே வெட்டிப் பெருக்கலாமா?"

ஜூன் 8, இரவு

வெட்டாதீர்கள். இரண்டு கிடைக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று மிஞ்சும், இல்லாவிட்டால் அதுவும் போகும். விவரம் நாளை.

ஜூன் 9

மண்புழுவைப் பார்த்தால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை. நம் ஊர் வயல்களில் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டியையே எடுத்துக்கொள்வோம், பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் வருகிற அதே புழு. உடம்பில் 165 முதல் 190 வரை கண்டங்கள், அதாவது வெளியே வளையம் வளையமாகத் தெரியும் பிரிவுகள். மூளை என்று சொல்லத்தக்க நரம்பு முடிச்சு 3ஆம் கண்டத்தில். எட்டு ஜோடி இதயங்கள் 6 முதல் 13 வரை. விந்தகம் 10, 11இல். அண்டகம் 13இல். 14 முதல் 17 வரை அந்தத் தடித்த பட்டை, கிளைடெல்லம். ஆண் துளை 18இல். முக்கியமான சாமான் எல்லாம் முதல் இருபது கண்டங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வால் முனை வரைக்கும் பெரும்பாலும் குடல்தான்.

அதனால் எத்தனை துண்டு என்பதைவிட எங்கே வெட்டு விழுந்தது என்பதுதான் கேள்வி. பட்டைக்கு நன்றாகப் பின்னால், வால் பக்கமாக வெட்டுப்பட்டால் முன் துண்டு பிழைக்க வாய்ப்பு உண்டு. காயத்தை மூடி, மெதுவாகக் கொஞ்சம் வாலையும் வளர்த்துக்கொள்ளும். பின் துண்டுக்கு வாய் இல்லை, மூளை இல்லை, இனப்பெருக்க உறுப்பு ஒன்றும் இல்லை. அது உயிரோடு கிடந்தாலும் எதைத் தின்னும்?

பட்டைக்கு முன்னால், அந்த இதயங்கள் இருக்கிற பகுதியில் வெட்டு விழுந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஜூன் 9, மாலை

"ஆனால் இரண்டு துண்டும் நெளிகிறதே, கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெளியும். வயிற்றுப் பக்கமாக ஓடும் நரம்பு வடத்தில் கண்டத்துக்குக் கண்டம் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. தசையை இழுக்க, விட அதற்குத் தலையின் உத்தரவு தேவையில்லை. மாமா பார்த்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் அடுத்த வாரமும் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 10

மாமா தரப்பிலிருந்து பதில் வந்திருக்கிறது: "படித்தவன் எல்லாவற்றையும் கெடுப்பான்." குறித்துக்கொண்டேன்.

ஜூன் 12

சரி, வெட்டிப் பெருக்க முடியாது, பிறகு எப்படித்தான் பெருகுகிறது? கேட்டவர் இதைக் கேட்கவில்லை. ஆனால் உரம் போடுகிறவருக்குத் தெரியவேண்டியது இதுதான்.

ஒவ்வொரு மண்புழுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்த இருபால் உயிரி. ஆனாலும் பொதுவாகத் தன் முட்டைக்குத் தானே விந்து கொடுத்துக்கொள்வதில்லை. இரண்டு புழுக்கள் தலையும் வாலுமாக எதிரெதிர் திசையில், வயிற்றோடு வயிறு ஒட்டிப் படுக்கும். இது அதற்கும் அது இதற்கும் விந்து கொடுக்கும். வாங்கிய விந்தை அதற்கென்றே உள்ள விந்துக்கொள்பைகளில் வைத்துக்கொண்டு இரண்டும் தம் வழியே போய்விடும். முட்டை இன்னும் வெளியே வரவில்லை, கவனியுங்கள்.

அப்புறம்தான் பட்டைக்கு வேலை. அது ஒரு பசையைச் சுரக்கிறது. பசை இறுகி உடம்பைச் சுற்றி ஒரு வளையமாகிறது, உள்ளே குஞ்சுகளுக்கு உணவாக வெண்கருவும் சேர்கிறது. புழு பின்பக்கமாக நகர்ந்து தன்னை அந்த வளையத்திலிருந்து உருவிக்கொள்கிறது. வளையம் தலையை நோக்கிப் போகிறது. வழியில் 14ஆம் கண்டத்திலுள்ள பெண் துளையைத் தாண்டும்போது முட்டைகள் விழுகின்றன. இன்னும் முன்னால் 9க்கும் 6க்கும் இடையே விந்துக்கொள்பைகளின் துளைகள். அங்கே, முன்பு அடுத்தவரிடம் வாங்கி வைத்த விந்து சேர்கிறது. கருவுறுதல் நடப்பது வளையத்துக்குள், உடம்புக்கு வெளியே. தலையைத் தாண்டி வளையம் கழன்றதும் இரண்டு முனையும் மூடிக்கொள்ளும். அதுதான் முட்டைக்கூடு, கக்கூன் என்பார்கள்.

சட்டையைத் தலை வழியாகக் கழற்றுகிற மாதிரி, போகிற போக்கில் பைகளில் இருப்பதை அதற்குள் போட்டுவிட்டுப் போகிறது. கல்லூரியில் இதைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினேன், ஆனால் புரியவில்லை. தொட்டியில் ஒரு புழு பாதி கழன்ற வளையத்தோடு இருந்ததைப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

லாம்பிட்டோவில் கூட்டிலிருந்து குஞ்சு வெளிவர 14 முதல் 18 நாள். கூடு தொடங்கிப் பட்டை விழுந்த பெரிய புழு வரை மொத்தம் சுமார் 60 நாள். நடுவில் லார்வா, கூட்டுப்புழு என்று எதுவும் கிடையாது. வெளியே வரும்போதே சின்ன மண்புழுதான், பட்டை மட்டும் இருக்காது.

ஜூன் 15

மேலே எழுதியதில் ஒரு நடைமுறை விஷயம் விட்டுப்போயிற்று. சல்லடையில் சலித்துப் பெரிய புழுக்களைக் கையால் பொறுக்கித் திரும்பத் தொட்டியில் விட்டுவிட்டு, "புழு எல்லாம் எடுத்தாச்சு" என்று உரத்தை மூட்டை கட்டுகிறோம். கூடுகள் சல்லடைக் கண்ணில் இறங்கி உரத்தோடு போய்விடுகின்றன. 3, 4 மில்லிமீட்டர் நீளம், புதிதில் மஞ்சள், நாளாக ஆகச் செம்பழுப்பு. விதை என்று நினைத்து நசுக்கிப் பார்க்கிறவர்களும் உண்டு.

வேண்டுமானால் இப்படிச் செய்து பாருங்கள். சலித்த உரத்தை உடனே மூட்டை கட்டாமல் நிழலில் ஈரம் குறையாமல் மூன்று வாரம் வையுங்கள். பக்கத்தில் ஒரு கை ஈரச் சாணம். குஞ்சுகள் பொரித்துச் சாணத்துக்குள் வந்து சேரும், அப்படியே அள்ளிவிடலாம். மண்வெட்டியில் சாகிற நாலு புழுவுக்கு வருந்துகிறவர் இதில் போகிற கணக்கைப் பார்த்தால் தூங்கமாட்டார்.

மண்வெட்டிக்குப் பதில் கையோ மர முள்கரண்டியோ போதும். அறுவடைக்கு முன் நாலைந்து நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் மேல்பகுதி காய்ந்து புழுக்கள் கீழே இறங்கிவிடும், மேலே வழித்து எடுக்கலாம்.

ஜூன் 21

"என் புழு பட்டையே வித்தியாசமாக இருக்கிறது, நீங்கள் சொன்ன 14இலிருந்து 17 இல்லை" என்று இன்னொருவர். இருக்காது. கடையில் உரத்துக்கென்று விற்பது லாம்பிட்டோ இல்லை. தமிழ்நாட்டில் அதிகம் புழங்குவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே, ஊதா பளபளப்போடு பெரிதாக இருக்கும். அடுத்து ஐசீனியா ஃபெடிடா, சிவப்புப் புழு, அதன் பட்டை 26ஆம் கண்டத்தை ஒட்டி ஆரம்பித்து 32 வரை. மூன்றாவது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், அது நம் பக்கத்துப் புழு, தொட்டால் துள்ளும்.

நான் முதன்முதலில் வாங்கியபோது விற்றவர் "எல்லாம் ஒரே ஜாதி, சுத்தமான யூட்ரிலஸ்" என்று சத்தியம் செய்தார். மூன்றும் கலந்திருந்தன. அதில் ஒரு நன்மை, ஒரே தொட்டியில் மூன்று விதக் கூடுகளைப் பார்க்கக் கிடைத்தது. ஐசீனியா கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் வரும். பெரியோனிக்ஸில் பெரும்பாலும் ஒன்றுதான்.

உள்ளூர்ப் புழுக்களையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டால், சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது அதைத்தான். லாம்பிட்டோவும் பெரியோனிக்ஸும் சேர்ந்து போதும் என்பது அவர் வழி. பெரியோனிக்ஸ் மேலே குப்பையைத் தின்கிறது, லாம்பிட்டோ மண்ணுக்குள் வளை தோண்டி மேலும் கீழும் போகிறது. தொட்டிக்கு யூட்ரிலஸ் வேகம் என்பது உண்மை. வயலுக்கு அது உதவாது. சாணக் குவியலை விட்டு இறங்கி மண்ணைத் துளைக்கிற புழு அது இல்லை.

ஜூன் 21, சற்று நேரம் கழித்து

12ஆம் தேதி எழுதிய வளையக் கதைக்கு ஓர் அடிக்குறிப்பு. அது பாடப்புத்தக வழி, லாம்பிட்டோவுக்கும் ஐசீனியாவுக்கும் பொருந்தும். யூட்ரிலஸ் குடும்பத்தில் விந்து வாங்கும் பையும் முட்டைக் குழாயும் உள்ளேயே இணைந்திருக்கின்றன, கருவுறுதலும் உடம்புக்குள்ளேயே. கூடு கட்டுவது மட்டும் அதே முறை. ஆக, தமிழ்நாட்டில் அதிகம் புழங்கும் உரப்புழு, பாடத்துக்கு அடங்காத புழு.

ஜூன் 22

"ஒரே ஒரு புழு வாங்கி விட்டால் பெருகுமா? இருபால்தானே?" நல்ல கேள்வி. தொட்டிப் புழுக்களை நம்பி அப்படிச் செய்யாதீர்கள், இரண்டு வேண்டும். ஆனால் ஒற்றையாகவே பெருகுகிற மண்புழுக்களும் உண்டு, விந்தே இல்லாமல் முட்டை கருவாகும். தென்னமெரிக்காவிலிருந்து வெப்பநாடுகள் எங்கும் பரவிய பான்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் அந்த வகை. கேரள ரப்பர் தோட்டங்களில் கொத்தினால் வருவது அநேகமாக இதுதான். துணை தேடவேண்டாத புழு, ஒரு செடியின் வேர்மண்ணில் ஒட்டிக்கொண்டு ஒரு கூடு வந்தாலே போதும், தோட்டம் முழுக்கப் பிடித்துவிடும்.

நர்சரியிலிருந்து செடி வாங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஜூலை 3

மீன்தொட்டி வைத்திருக்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். மீனுக்குப் போட வளர்க்கும் கறுப்புப் புழுவை அவர் வெட்டிப் பார்த்தாராம், இரண்டும் பிழைத்தனவாம், "நீங்கள் சொல்வது தப்பு" என்கிறார்.

அவர் சொல்வதும் சரி. அது லம்பிரிகுலஸ், குளத்து அடியில் வாழும் நன்னீர்ப் புழு. மண்புழுவின் உறவு, ஆனால் குணம் வேறு. அது தானாகவே நடுவில் பிரிந்து இரண்டாகும், பெருகுவதே பெரும்பாலும் அப்படித்தான். நடுத்துண்டு ஒன்று கிடைத்தாலும் முன்னால் ஏழெட்டுக் கண்டங்கள் கொண்ட ஒரு தலை முளைக்கும், பின்னால் வால் நீளும். எத்தனை பெரிய முன்பகுதி போயிருந்தாலும் தலைக்கு அந்த ஏழெட்டுதான். மீதி இடத்துக்கு, ஏற்கெனவே வாலாக இருந்த கண்டங்கள் நடு உடம்பாக மாறிக்கொள்கின்றன. எனக்கு இதில் வியப்பே அதுதான்: முளைப்பதைவிட, பழைய கண்டம் தன் பதவியை மாற்றிக்கொள்வது.

1740களில் ஜெனீவாவில் சார்ல் போனே நன்னீர்ப் புழுக்களை வெட்டித் துண்டுகள் முழுப் புழுவாவதைப் பார்த்து எழுதினார். அதே பத்தாண்டில்தான் ஆபிரகாம் டிரெம்ப்ளே, ஹைட்ரா என்ற குட்டி நன்னீர் உயிரியை வெட்டி ஐரோப்பாவையே பேச வைத்தார். மாமா சொன்ன கதைக்கு மூலம் அங்கே இருக்கலாம். குளத்துப் புழுவுக்குச் சரியான விஷயம் தோட்டத்துப் புழுவுக்கு மாறிவிட்டது.

இன்னும் சொல்லப்போனால், ஜப்பானில் 1993இல் விவரிக்கப்பட்ட என்கிட்ரேயஸ் ஜப்பானென்சிஸ் என்ற சின்ன வெள்ளைப் புழு தானே பல துண்டுகளாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் ஐந்து நாளுக்குள் முழுசாகிவிடும். யாரும் வெட்டவே வேண்டாம்.

ஜூலை 3, இரவு

நேற்று வரை மண்புழுவுக்குத் தலை வளராது என்று நான் பேசுகிற தொனி இருந்தது, அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஐசீனியாவில் முன் நுனியில் மூன்று நான்கு கண்டங்கள் மட்டும் போனால் திரும்ப வளர்க்கும். அதிகம் வெட்டினால் வளர்வது குறையும். இன்னும் பின்னால் போனால் விபரீதம், தலை இருக்கவேண்டிய இடத்தில் வால் முளைக்கும். இரண்டு பக்கமும் வால், வாய் இல்லை, பட்டினி. பழ ஈக்களால் 1933இல் நோபல் வாங்கிய தாமஸ் ஹன்ட் மார்கன், ஈக்கு வருவதற்கு முன்னால் இந்த மண்புழுக்களைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்.

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் யூட்ரிலஸை வைத்து இதே வேலை நடந்திருக்கிறது. அங்கே கண்டது, பட்டைக் கண்டங்கள் முழுசாக இருக்கும் துண்டுதான் மீளும் என்பது. பெரியோனிக்ஸுக்கு இந்தத் திறன் இன்னும் கூடுதல். ஆகவே தொட்டியில் துண்டான புழுவைப் பார்த்தால் பட்டை எந்தத் துண்டில் என்று பாருங்கள், அதைத் திரும்பப் போடுங்கள். மற்றது கோழிக்கு.

ஜூலை 4

"அட்டைக்கும் இப்படி வளருமா? வால்பாறையில் பிய்த்துப் போட்டது ரெண்டாகியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது."

நிம்மதியாக இருங்கள். அட்டையும் இதே வளைதசைப் புழுத் தொகுதிதான், இருபால்தான், முட்டைக்கூடும் கட்டும். ஆனால் இழந்த கண்டத்தைத் திரும்ப வளர்க்காது. குட்டியோ கிழமோ, தின்றதோ பட்டினியோ, கண்டங்களின் எண்ணிக்கை மாறாது. வெளியே தெரியும் நூற்றுக்கணக்கான வரிகள் கண்டங்கள் அல்ல, ஒரு கண்டத்தின் மேல் பல வரிகள். மண்புழுவுக்கு நிரந்தரமாக இருக்கும் பட்டை அட்டைக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் தெரியும். நன்னீர் அட்டைகளில் ஒரு குடும்பம் குஞ்சுகளை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டே திரியும், அம்மா எங்கே போனாலும் ஊர்வலம்தான்.

1878இல் சார்ல்ஸ் விட்மன் இந்த வகை அட்டையின் முட்டையை எடுத்து, எந்த செல் பிரிந்து உடம்பின் எந்தப் பகுதியாகிறது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். அட்டை மேல் இருந்த அருவருப்பு எனக்கு அதைப் படித்த பிறகுதான் பாதி போயிற்று. மீதிப் பாதி கொடைக்கானலில் திரும்ப வந்துவிட்டது.

ஜூலை 19

மழை, வேலை இல்லை, அதனால் கடலுக்குப் போவோம். மண்புழுவும் அட்டையும் இந்தத் தொகுதியின் அடக்கமான பிள்ளைகள். கடலில் இருக்கிற உறவினர்கள் ஒழுங்கானவர்கள் இல்லை.

பொனெலியா என்ற மத்தியதரைக்கடல் புழு. பெண்ணின் உடம்பு பத்து சென்டிமீட்டர் போல, முன்னால் நீட்டும் தும்பிக்கை ஒரு மீட்டர் வரை. ஆண் ஓரிரண்டு மில்லிமீட்டர், பெண்ணின் உடம்புக்குள்ளேயே குடித்தனம். லார்வாவாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று முடிவாகியிருக்காது. வெறும் தரையில் விழுந்தால் பெரும்பாலும் பெண்ணாக வளரும், ஒரு பெண்ணின் தும்பிக்கை மேல் விழுந்தால் ஆணாகிவிடும். வீட்டோடு மாப்பிள்ளை என்று இங்கே யாரோ எழுதப்போகிறீர்கள், நானே எழுதிவிட்டேன்.

இன்னொன்று ராமிசிலிஸ், ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் கிடைத்து 2012இல் பெயரிடப்பட்டது. கடற்பஞ்சுக்குள் வாழும். ஒரு தலை, ஆனால் உடம்பு கிளை கிளையாகப் பிரிந்து பஞ்சின் துவாரம் எல்லாவற்றிலும் போகிறது. குடலும் கூடவே கிளைக்கிறது. இனப்பெருக்க நேரத்தில் கிளை நுனிகள் கண் முளைத்த தனித் துண்டுகளாகி நீந்திப் போகும்.

"வால் பக்கத்துத் துண்டுக்கு வாழ்க்கை இல்லை" என்று ஜூன் 9இல் அடித்துச் சொன்னேன் அல்லவா. மண்புழுவுக்கு என்று சேர்த்துப் படியுங்கள்.

ஜூலை 20

கடல் புழுக்களுக்கு லார்வா உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு உண்டு, டிரோகோஃபோர். இடுப்பைச் சுற்றி மயிரிழை வளையம், அதைச் சுழற்றி நீந்தும். கண்டங்கள் அதில் இருக்காது, பின்னால் ஒரு வளர்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேரும். வால் நுனி எப்போதும் கடைசியில், புதுக் கண்டம் அதற்குச் சற்று முன்னால் செருகப்படும். ஆகப் புதிய கண்டம் பின்னால், மூத்த கண்டம் முன்னால். சிப்பி, நத்தைகளின் லார்வாவும் இதே சாயல்.

அக்டோபர் 24

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன். பிஜியில் உறவினர் இருக்கும் ஒருவர் "அங்கே புழுவைப் பிடித்துத் தின்கிறார்கள், நாள் பார்த்து" என்று எழுதியிருப்பதால் திரும்ப வருகிறேன்.

அது பலோலோ. சமோவாவிலும் உண்டு, அங்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். பவளப் பாறைக்குள் துளையிட்டு வாழும் புழு. அக்டோபர் அல்லது நவம்பரில், தேய்பிறை அரை நிலவை ஒட்டிய நாட்களில், விடியலுக்கு முன், அதன் பின்பாதி அறுந்து மேலே வருகிறது. அந்தப் பின்பாதி முழுக்க முட்டை அல்லது விந்து. வெளிச்சத்தை உணரும் புள்ளிகள் அதற்கு உண்டு, தலை கிடையாது. மேலே வந்து வெடித்து எல்லாவற்றையும் கடலில் கொட்டுகிறது. ஜனங்கள் படகிலும் தோளளவு தண்ணீரிலும் வலையோடு காத்திருப்பார்கள். பிஜியின் பழைய மாதக் கணக்கில் சின்ன பலோலோ, பெரிய பலோலோ என்று இரண்டு மாதங்களுக்கே இதன் பெயர்.

தலைப்பாதி பாறைக்குள்ளேயே பத்திரமாக இருந்து வாலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். பிளாட்டினெரிஸ் என்கிற இன்னொரு புழு இவ்வளவு சாமர்த்தியம் இல்லாதது. நிலவைக் கணக்கு வைத்து அதுவும் மேலே வரும், ஆனால் முழு உடம்போடு. கண் பெரிதாகும், குடல் சுருங்கும், நீந்தும் துடுப்புகள் மாறும், முட்டையையும் விந்தையும் கொட்டிவிட்டுச் செத்துப்போகும்.

அக்டோபர் 25

தின்று பார்த்ததில்லை. கேட்காதீர்கள்.

நவம்பர் 11

ஒரு வாசகி: "புழு இல்லாத உரம் என்று வாங்கி ரோஜாத் தொட்டியில் போட்டேன். இந்த மழையில் நூல் மாதிரி வெள்ளைப் புழுக்கள் வந்திருக்கின்றன. வேரைத் தின்னுமா, மருந்து அடிக்கலாமா?"

மருந்து வேண்டாம். ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோல் வழியே சிவப்பு ரத்தக்குழாய் தெரிந்தால் மண்புழுக் குஞ்சு. மூட்டையோடு வந்த கூடுகள் ஈரம் பட்டதும் பொரித்திருக்கும். சிவப்பே இல்லாமல் சுத்த வெள்ளையாக, ஒரு சென்டிமீட்டர் போல இருந்தால் என்கிட்ரேயஸ் வகை, அதுவும் அழுகலைத் தின்பதுதான், உயிருள்ள வேரைத் தொடாது. அது அதிகம் தெரிந்தால் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சி விட்டுப் பாருங்கள், ரோஜாவுக்கு ஆபத்து அங்கேதான்.